ஆங்கிலம், மொழியியல், ஆய்வெழுத்து: மூன்றுக்கும் ஒரே பாடநூல் போதுமா?

வணக்கம். இன்றைய சந்தேகங்களில் ஒன்றைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வேறு துறையில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு ஆங்கில மொழியியலில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். இலக்கணத்தில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. மொழியியல் எனக்குப் புதிது. இறுதியில் ஆய்வேடும் எழுத வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல புத்தகம் சொல்ல முடியுமா? பழைய பதிப்பை வாங்கலாமா?"

அப்படி ஒரு புத்தகம் இல்லை. இருப்பதாக யாராவது விளம்பரம் செய்தாலும் நம்ப வேண்டாம். ஒரு மொழியைப் பிழையின்றிப் பழகுவதற்கான நூலும், அம்மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் நூலும், அம்மொழியில் ஓர் ஆய்வை எழுதக் கற்றுத்தரும் நூலும் வெவ்வேறு வாசகரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்பதால்தான், நல்ல நூல்களையே பலரும் பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள்.

இலக்கணத் தடுமாற்றத்துக்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' போதும். 1985இல் முதலில் வந்த இந்நூலில் இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் பயிற்சியுமாக ஒவ்வோர் அலகும் அமைந்திருப்பதால், ஓர் அமர்வில் ஓர் அலகை முடித்துவிடலாம். விடைகளுடன் ஒரு பதிப்பும் விடைகள் இல்லாமல் ஒரு பதிப்பும் விற்கப்படுகின்றன. தனியாகப் படிப்பவர் விடைகள் உள்ளதையே வாங்க வேண்டும். மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலிஷ் யூசேஜ்' வரிசையாகப் படிக்கும் நூலன்று; ஐயம் எழும்போது அகராதிபோல எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இங்கிருந்து மொழியியல் நூல்களுக்குப் போகும்போதுதான் மாணவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். மர்ஃபியின் பொருளடக்கத்தில் எதிர்காலம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் மாணவர்களுக்காக எழுதிய 'எ ஸ்டூடண்ட்ஸ் இன்ட்ரொடக்‌ஷன் டு இங்கிலிஷ் கிராமர்' என்னும் நூலைத் திறந்தால், ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றொரு இலக்கணக் காலமே இல்லை என்று படிப்பீர்கள். இரண்டில் ஒன்று தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 'வந்தான், வருகிறான், வருவான்' என்னும் மூன்றிலும் காலத்தைக் காட்டும் இடைநிலை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வாக்', 'வாக்டு' என்று நிகழ்காலமும் இறந்தகாலமும் மட்டுமே வினையின் வடிவத்தில் வேறுபடுகின்றன. எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படும் 'வில்' என்பது, 'கேன்', 'மே' போன்றவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு துணைவினை. மர்ஃபி, எதிர்காலத்தைப் பற்றிப் பேச நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்று காட்டுகிறார். மற்ற இருவரும், அந்த வடிவங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு. முதுகலைத் தேர்வில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது இரண்டாவது கேள்விக்கான விடை.

பெருநூல்களை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1985இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் எழுதிய விரிவான ஆங்கில இலக்கணம் 1,700 பக்கங்களைத் தாண்டுகிறது. 1999இல் டக்ளஸ் பைபர் குழுவினர் வெளியிட்ட பேச்சு, எழுத்து ஆங்கில இலக்கணம் சுமார் 4 கோடிச் சொற்கள் கொண்ட தரவகத்தின்மேல், அதாவது உண்மையான பேச்சையும் எழுத்தையும் திரட்டிய தொகுப்பின்மேல், எழுந்தது. ஓர் அமைப்பு உரையாடலில் மிகுதியா, ஆய்வுக் கட்டுரையில் மிகுதியா என்பதை எண்ணிக்கையோடு காண இதைப் பாருங்கள். இவற்றுக்கு நூலகம் போதும்.

மொழியியலுக்கு முதல் நூலாக ஜார்ஜ் யூல் எழுதிய 'தி ஸ்டடி ஆஃப் லாங்குவேஜ்' நூலைச் சொல்வேன். அத்தியாயங்கள் சிறியவை, ஒலியியல் முதல் சமூக மொழியியல் வரை எல்லாக் கிளைகளையும் தொட்டுக்காட்டும். ஆழம் குறைவு என்று சிலர் குறை சொல்வதுண்டு. அறிமுக நூலிடம் ஆழம் கேட்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஒலியியலுக்குப் பீட்டர் ரோச் எழுதிய நூல் தெளிவானது. ஆனால் அது பிரிட்டிஷ் உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதை நினைவில் வைத்து, உங்கள் பாடத்திட்டம் எந்த உச்சரிப்பைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வெழுத்துக்கு வருவோம். இலக்கணப் பிழையை நீக்கிவிட்டால் ஆய்வேடு எழுதிவிடலாம் என்பது பெரும்பாலோரின் நம்பிக்கை. பிழையே இல்லாத முன்னுரையும் நெறியாளரிடமிருந்து திரும்பி வரும், ஏனெனில் அதில் வாதத்தின் நகர்வு இருக்காது. ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில், ஆய்வுக் கட்டுரை முன்னுரைகள் பொதுவாக மூன்று நகர்வுகளில் செல்வதை விளக்கினார்: இந்தப் பொருள் ஏன் முக்கியம் என்று களத்தை நிறுவுவது, இதுவரையிலான ஆய்வுகளில் எது விடுபட்டிருக்கிறது என்று காட்டுவது, அந்த இடைவெளியைத் தம் ஆய்வு எப்படி நிரப்புகிறது என்று சொல்வது. மாணவர் முன்னுரைகளில் பெரும்பாலும் காணாமற்போவது நடுவில் உள்ள இரண்டாவது நகர்வுதான். முன்னோர் கூறியவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு, "ஆகவே இதை ஆராய்கிறேன்" என்று தாவிவிடுகிறார்கள். ஸ்வேல்ஸும் கிறிஸ்டின் ஃபீக்கும் சேர்ந்து எழுதிய 'அகடமிக் ரைட்டிங் ஃபார் கிராஜுவேட் ஸ்டூடண்ட்ஸ்' இதைப் பயிற்சிகளாகத் தருகிறது. உங்கள் துறைக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முன்னுரையிலும் இந்த மூன்றும் எந்த வாக்கியத்தில் தொடங்குகின்றன என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து பிறந்த சொற்களின் தொகுதிகள்) கொண்ட கல்விசார் சொற்பட்டியலும் உதவும். மனப்பாடம் செய்வதற்கன்று, படிக்கும் கட்டுரைகளில் அடையாளம் காண்பதற்கு.

பழைய பதிப்பைப் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. இலக்கணத்துக்கும் அறிமுக மொழியியலுக்கும் ஒரு பதிப்பு பின்தங்கியிருந்தால் பெரிய நட்டமில்லை. மேற்கோள் முறைக் கையேடுகளில் மட்டும் இந்தச் சிக்கனம் செல்லாது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் 7ஆம் பதிப்பு, நூற்பட்டியலில் பதிப்பகத்தின் ஊர்ப்பெயரை எழுதும் வழக்கத்தையே நீக்கிவிட்டது. பழையதைப் பார்த்து எழுதினால் பட்டியல் முழுவதையும் திருத்த வேண்டிவரும். எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டின் 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. உங்கள் துறை எந்த முறையைக் கேட்கிறது என்பதை நெறியாளரிடம் முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பின் அந்தக் கையேட்டின் நடப்புப் பதிப்பை வாங்குங்கள்.