கறி முதலில், கொம்பு பிறகு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேட்டைக் கறியில் ருசியான துண்டை மட்டும் எடுத்தால் போதுமா, தின்னத் தகுந்த அத்தனையையும் எடுத்தாக வேண்டுமா? அத்தனையும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் முதுகுத் தசையை வருணித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். எனக்கும் பிடிக்கும்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு கதை கேளுங்கள்.

எதிரணிக் கொள்கைக்காரர் ஒருவர் உரிமம் வாங்கி மான் சுட்டார். முதுகுத் தசையை மட்டும் அறுத்துப் பையில் போட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பையைத் திறந்தார்.

"தொடை எங்கே?"

"கனமா இருந்துச்சு."

"தோள்?"

"குண்டு பட்டுடுச்சு."

"ரெண்டு தோளிலுமா?"

பதில் இல்லை. "கழுத்து?" "அதை யார் தின்பாங்க?" "ஈரல்?" "மறந்துட்டேன்."

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சமைத்தார். தட்டில் விரல் அளவு ஒரே ஒரு துண்டு வைத்தார். "மீதி எங்கே?" என்றார் இவர்.

"கனமா இருந்துச்சு, அடுப்பிலேயே விட்டுட்டேன்!"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், திரும்பச் சொல்கிறேன்: கனமா இருந்துச்சாம்! நடுவர் சிரிக்கிறார். அவர் வீட்டு அடுப்பு நிலவரம் நமக்கு எதற்கு?

சரி, தலைவர் ஒரு குத்து விட்டாரே, "முன்னங்கால் கறி செருப்புத் தோல், இந்த அணிக்குப் பல் மருத்துவர்தான் தலைமை தாங்க வேண்டும்" என்று. ஐயா, ஆயுள் முழுக்க ஓடிய கால் இறுகாமல் என்ன செய்யும்? அதில் கொலாஜன் என்ற இறுக்கமான நார்ப்புரதம் அதிகம். தண்ணீர் விட்டு, சிறு தீயில் 3, 4 மணி நேரம் வைத்தால் அது ஜெலட்டின் என்ற கொழகொழப்பாக இளகும், கறி எலும்பை விட்டுத் தானே கழன்று வரும். நீங்கள் கொண்டாடும் முதுகுத் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. கொஞ்சம் கூடுதலாக வேகட்டும், அப்போது தெரியும் எது செருப்பு என்று! ஆறப் பொறுப்பது இருக்கட்டும், நீங்கள் ஆக்கவே பொறுக்காதவர்.

சுமக்க முடியாது என்றார் இன்னொருவர். அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒரு பெரிய மூஸ் மானில் ஏறக்குறைய 225 கிலோ கறி தேறும். கழுத்து, நெஞ்சு, விலா, நான்கு கால் கறி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கறி காட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கறியை விட்டுவந்தால் சிறை. தலையையும் குடலையும் சட்டம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுமக்க முடியாதவர் துப்பாக்கியை ஏன் தூக்கினார்?

வட அமெரிக்கக் காட்டெருமைக்கு நடந்தது என்ன? 1870களில் தோலுக்காகச் சுட்டார்கள். சிலர் நாக்கை மட்டும் அறுத்துக்கொண்டு போனார்கள். கோடிக்கணக்கில் திரிந்த கூட்டம், 1880களின் இறுதியில் காட்டில் சில நூறாகிவிட்டது. சமவெளியெங்கும் உடல்கள் அழுகிக் கிடந்தன. அந்தக் கறியை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் பட்டினி கிடந்தார்கள். சுடப்பட்ட தாயை விட்டுப் போகத் தெரியாமல் கன்றுகள் பக்கத்திலேயே நின்றன ஐயா!

எந்தத் துண்டு ருசி என்று எதிரணித் தலைவர் அந்தக் கன்றிடம் போய்ச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். வணக்கம்.