அரைப்பேர்

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை இருக்கிற தோட்டத் தொழிலாளர் லயத்தில் ட்ரங்குப் பெட்டி வந்து இறங்கியதும், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். "சீனியர் அண்ணாமார் கொஞ்சம் பகிடி பண்ணுவாங்க, பொறுத்துக்கோ. மூணு மாசந்தான்." பகிடிவதையை, அதாவது ராகிங்கை, பொறுக்கச் சொல்லும் அந்தப் 'பொறுத்துக்கோ'வைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

முதலில் என் கதை. நான் படிக்கப் போனது எண்பதுகளில். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது அங்கே என் மாணவர்கள் படிக்கிறார்கள். முதல் இரவே விடுதியில் எங்களை வரிசையாக நிறுத்தி ஊர் கேட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அப்போ பெரட்டு நடத்து" என்றான் ஒருவன், கட்டிலில் படுத்தபடியே. பெரட்டு என்றால் காலையில் தொழிலாளரை நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மேசை மேல் ஏறி நின்று, கங்காணி மாதிரி மற்றப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிட வேண்டும், யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிட வேண்டும், கொழுந்து குறைந்தவளை ஏச வேண்டும். நன்றாகவே செய்தேன். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தந்தானே. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாளில் அம்மா வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அது ஞாபகத்துக்கு வந்தது. அதையும் நடித்துக் காட்டினேன். எனக்கு அன்றைக்கு வைத்த பட்டம் 'அரைப்பேர்'. மூன்று மாதம் எனக்கு வேறு பேர் கிடையாது.

"ஒருத்தரும் அடிக்கலையே சேர், இதெல்லாம் ஒரு வதையா?" என்று கேட்பார்கள். இருங்கள், கதை முடியவில்லை.

அடுத்த வருடம் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். அவனை மேசையில் ஏற்றியது யார்? நான்தான். "பெரட்டு நடத்து" என்றேன். அவனுக்குக் குரலே எழும்பவில்லை. சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். என்னுடைய பட்டத்தைத் தூக்கி அவனுக்குக் கொடுத்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்தப் பேர் என்னை விட்டுத் தொலைந்ததே!

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். தலை நரைத்த ஒருவர் கிட்ட வந்து, "அண்ணன், என்னைத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "நான்தான் அரைப்பேர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் அவர் மகள். அவருடைய சொந்தப் பேர் என்ன என்று பஸ் வரும்வரை யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கேட்க வாயும் வரவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1975இல் பேராதனையில் பகிடிவதைக்குத் தப்ப ஒரு மாணவி விடுதி மாடியிலிருந்து குதித்து நடமாட முடியாமல் போனார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்கு அடுத்த வருடந்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை, பாரதூரமான காயமோ பாலியல் தொல்லையோ என்றால் 10 வருடம் வரை. இதைக் கவனியுங்கள்: உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மன வேதனையும் பயமும் போதும். திரும்பவும் சொல்கிறேன், பயம் போதும்.

எல்லோரையும் சமமாக்கத்தான் ராகிங் என்பார்கள் சீனியர்மார். மேசையில் நின்றவன் நான், கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தவன் அவன். இதில் எங்கே சமம்? நம் ஆட்களுக்கு இது உறைப்பதில்லை. தொரை ஏசினாலும் கங்காணி ஏசினாலும் தலை குனிந்து நின்றே பழகியவர்களுக்கு, 'பொறுத்துக்கோ' என்பது புத்திமதி மாதிரித்தான் தெரியும். அதையே பிள்ளையின் பெட்டியிலும் மடித்து வைத்து அனுப்புகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடந்தான். எப்படி முறையிடுவது என்று ஆறுதலாகச் சொல்ல நினைத்திருந்தேன், கதையிலேயே நேரம் போய்விட்டது. என்ன நடந்தது, எந்தத் திகதி, யார் யார் இருந்தார்கள் என்று பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மாணவ ஆலோசகர், பீடாதிபதி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, இவர்களிடம் போகலாம். அடிதடி என்றால் நேரே பொலிஸ்.

அப்புறம் தாய்மாருக்கு. "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று பிள்ளை அவசரமாக போனை வைக்கப் பார்த்தால் விடாதீர்கள். அங்கே உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க என்று கேளுங்கள். வணக்கம்.