கன்னித்தீவு ஏன் இன்னும் முடியவில்லை? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காலையில் தினத்தந்தி வந்ததும் கன்னித்தீவைத்தான் முதலில் பார்க்கிறார். கதை என்னப்பா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கதை தெரியாமல் இத்தனை வருஷம் எப்படிப் படிக்கிறார்? அதை எப்போதுதான் முடிப்பார்கள்?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கதை தெரியாதவரும் படிக்கலாம், அதனால்தான் அது ஓடுகிறது.

புதிதாகப் பார்க்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1960-ல் தொடங்கிய படக்கதை இது. மூசா என்கிற மந்திரவாதி அழகிகளைக் கடத்திக்கொண்டு போகிறவன். இளவரசி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சின்ன உருவமாக்கிவிடுகிறான். அவளைப் பழையபடி மாற்றுவதற்காகச் சிந்துபாத் கடல் கடந்து அலைகிறான். சிந்துபாத் என்ற பெயர் அரபுக் கதைகளிலிருந்து வந்தது. ஆனால் நம் ஊர் சிந்துபாத் அந்தக் கப்பல் வியாபாரி இல்லை, இவன் வாள் பிடித்த வீரன். அன்று தொடங்கிய பயணம் 20,000 நாட்களைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம்தான். ஒரு பூதம் வழி மறிக்கும், சிந்துபாத் வாளை உருவுவான், பூதம் வாயைத் திறக்கும். அவ்வளவுதான், மீதி நாளைக்கு. இதைப் புரிந்துகொள்ள நேற்றைய பேப்பர் வேண்டாம். போன வருஷக் கதையும் வேண்டாம். ஒருத்தன் ஆபத்தில் இருக்கிறான், இன்னொருத்தி அவனை நம்பி இருக்கிறாள், இது தெரிந்தால் போதும். நேற்றைத் தவறவிட்டவனுக்காகச் சொல்லப்படுகிற கதை அது. இதை நான் டீக்கடை வாசிப்பு பற்றிப் பேசியபோதும் சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் முக்கியமானது அதுதான்.

வலங்கைமான் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் பேப்பர் வாங்குகிற வீடு கிடையாது. மளிகைக் கடையில் கடுகு, மிளகாய் மடித்துத் தருகிற தாளில்தான் நாங்கள் கன்னித்தீவு படித்தோம். பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளைத் தடவி நீவிப் பார்ப்போம். சில நாள் வடை மடித்த தாள் வரும், எண்ணெய் ஊறி, பின்பக்கத்துச் சினிமா விளம்பரம் சிந்துபாத் முகத்தில் தெரியும். இன்றைக்குக் கிடைத்தது ஆடி மாதத்தது, நாளைக்குக் கிடைப்பது அதற்கு முந்தின தையில் வந்தது. முன்னும் பின்னுமாகத்தான் கதை எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் ஒரு தாளைக்கூடப் புரியவில்லை என்று நாங்கள் தூக்கிப்போட்டதில்லை. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் கும்பகோணத்தில் நிறைய உண்டு. அந்தத் தொடர்களில் நடுவில் இரண்டு வாரம் காணாமல் போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கன்னித்தீவுக்கு அந்தக் கவலையே இல்லை.

வெளிநாட்டிலும் நீண்ட நாள் ஓடிய படக்கதைகள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த பீநட்ஸ் 1950 அக்டோபரில் தொடங்கி 2000 பிப்ரவரி வரை வந்தது. மொத்தம் 17,897 படக்கதைகள். அத்தனையும் அவர் கையாலேயே வரைந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் அச்சாகி வருவதற்கு முந்தின இரவு அவர் இறந்துபோனார், அதோடு புதிய கதை நின்றது. அதில் பெரும்பாலும் அன்றன்றைக்கே கதை முடிந்துவிடும், ஒரு நாய், ஒரு பையன், ஒரு சிரிப்பு. லீ ஃபாக் 1936-ல் தொடங்கிய வேதாளர், அதாவது முகமூடி வீரன் ஃபேண்டம், வேறு வகை. அதில் ஒவ்வொரு கதையும் மாதக்கணக்கில் ஓடி முடியும், அப்புறம் அடுத்தது. நம் கன்னித்தீவு இரண்டிலும் சேராது. அன்றைக்கும் முடியாது, மாதத்திலும் முடியாது. வரைகிற கைகள் மாறின, கருப்பு வெள்ளை வண்ணமானது, சிந்துபாத் மட்டும் அதே வயதில் நடந்துகொண்டிருக்கிறான்.

நம் டெல்டாவில் பேப்பரில் எல்லோரும் தேடுகிற இன்னொன்று உண்டு. மேட்டூர் அணை நீர்மட்டம். 120 அடியில் இன்றைக்கு எத்தனை, வரத்து எவ்வளவு. ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்பதில்தான் குறுவை நெல் சாகுபடியே இருக்கிறது. கடைமடைக்காரர்களுக்கு அந்த ஒரு வரி வயிற்றைக் கலக்கும். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் அந்த வரியைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சிந்துபாத் என்ன ஆனான், அதைப் படி" என்பார். தண்ணீர் வராத வருஷத்திலும் கன்னித்தீவு தவறாமல் வந்தது. அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

இப்போது தங்கை கேட்காத ஒரு கேள்விக்கு வருகிறேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்வி அது. கன்னித்தீவை வைத்து எத்தனை பேர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்?

தினத்தந்தியை 1942-ல் மதுரையில் தொடங்கிய ஆதித்தனார், பாமரனுக்கும் புரிகிற தமிழில்தான் எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். சின்னச் சின்ன வாக்கியம், பழகிய சொல். அதே தமிழ்தான் கன்னித்தீவுக் கட்டத்துக்குள்ளும் இருக்கும். கூடவே படம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

எங்கள் தெருவில் ஏர் ஓட்டுகிற மாமா ஒருவர் இருந்தார். இரண்டாம் வகுப்போடு நின்றவர், எழுத்தெல்லாம் மறந்துபோனவர். டீக்கடையில் நான் சத்தமாகப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பேப்பரைக் கையில் வாங்கினார். படத்தில் பாம்பு சீறிக்கொண்டிருந்தது. விரலை வைத்து, "பா... ம்... பு" என்றார். படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். அப்புறம் தினமும் ஒரு கட்டம் அவருக்கு, மீதி எனக்கு. நாளாக ஆக எனக்குக் கட்டமே மிஞ்சவில்லை. பிறகு தலைப்புச் செய்தி படித்தார். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த ரசீதை அவரே படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தார். அதுவரை யாராவது படித்துச் சொன்னதை நம்பித்தான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர். ஒரு படக்கதை ஒரு மனிதனுக்கு இதைச் செய்திருக்கிறது. இதைப் பற்றி யாரும் முறையாக எழுதவில்லையே என்பது என் பெரிய ஆதங்கம்.

அதனால் எப்போது முடிப்பார்கள் என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. இழுத்தடிக்கிற எதையும் கன்னித்தீவு மாதிரி என்று சொல்கிறோம். காவிரி வழக்கையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. 1990-ல் நடுவர் மன்றம் அமைத்து, 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018-ல் உச்ச நீதிமன்றம் தண்ணீர் அளவை மாற்றிச் சொன்ன வழக்கு அது. அந்தத் தாமதத்தில் எத்தனையோ வயல் காய்ந்தது. கன்னித்தீவு நீண்டதால் யாருக்கு என்ன நஷ்டம்? அது ஓடட்டும்.

தங்கைக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவிடம் கதை என்ன என்று கேட்காதீர்கள். முதன்முதலில் அதை அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள், அவர் யாருக்குப் படித்துக் காட்டினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். மற்ற நேயர்களும் உங்கள் ஊர் டீக்கடையில், சலூனில் யார் சத்தமாகப் படித்தார்கள் என்று எழுதுங்கள், வருவதை எல்லாம் இங்கே வாசிக்கிறேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்கிற காமிக்ஸ் நாயகனைப் பற்றி வந்த கேள்வி பாக்கி இருக்கிறது, அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.