தொலைபேசியின் இந்தப் பக்கம்

வணக்கம் நேயர்களே. போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்குத் திருகோணமலை உப்புவெளிக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தங்கையின் மகன் டொரோண்டோவில் இருந்து எடுத்தான். அங்கே முதல்நாள் இரவு எட்டு மணி. சுகம் விசாரிக்கவில்லை. "மாமா, போனை ஒருக்கால் கடல் பக்கம் பிடியுங்கோ" என்றான். வாடைக்கடல் அன்றைக்கு நன்றாக இரைந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கேட்டான். அப்புறம் சரி என்று வைத்துவிட்டான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பல வருடம் உளவளத்துணை வேலை பார்த்த எனக்கே அது பிடிபடவில்லை. அதற்கு முந்திய கிழமைகளில் அவன் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: தலையிடி, நித்திரை வராது, சாப்பாடு இறங்காது. எங்கள் ஆட்கள் மனக்கஷ்டத்தை உடம்பின்மேல் போட்டுத்தான் சொல்வார்கள். மனம் என்று வாய்திறந்தால் அடுத்த சொல் 'விசர்' என்று வந்துவிடுமே!

அவன் இங்கே கணக்காளர். அங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். மார்கழியில் அந்த ஊரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். வெளிச்சம் குறைந்த மாதங்களில் சிலருக்கு மனச்சோர்வு கூடும் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம்.

புது நாட்டில் வரும் இந்தத் தடுமாற்றத்தைக் கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் கட்டம் கட்டமாக எழுதினார். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எரிச்சல் வரும், மெல்ல மெல்லப் பழகும் என்றார். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த முதல் கட்டமே கிடையாது என்பேன். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போய், அகதி வழக்கு முடிவைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எது அழகாகத் தெரியும்?

நாங்கள் இங்கிருந்து கேட்பதும் மூன்றே கேள்விதான். காசு, காட் (அங்கே நிரந்தரமாக இருக்கவிடும் அட்டை), கலியாணம்.

மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் கதை வேறு. கதைக்கும்போது எசமானி பக்கத்தில் நிற்பாள். 'நல்லா இருக்கிறன்' என்று மட்டும் சொல்வார்கள். திரும்பி வந்து மாதக்கணக்கில் ஒன்றும் பேசாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி யாரும் வீட்டில் இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய தாய் இறந்தபோது அவருக்குப் பயணப் பத்திரம் இல்லை, கொள்ளி வைத்ததைப் போனில்தான் பார்த்தாராம். ஆறு வருடம் கழித்து வந்து, இராவணன் தாயின் கடன் கழிக்க உண்டாக்கியதாகச் சொல்லும் அந்த ஏழு கிணற்றிலும் தனியே அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார். அழுது முடியும்வரை நான் பக்கத்தில் நின்றேன், ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை.

மருமகன் இப்போது அங்கே மருத்துவரிடம் போகிறான். நானும் கேள்வியை மாற்றிவிட்டேன். "இண்டைக்கு ஆரோட கதைச்சனி?" என்று கேட்பேன். நாலு மாதமாக "ஒருத்தரோடயும் இல்லை" என்றான். போன கிழமை, பக்கத்து அறைப் பிலிப்பினோப் பொடியனுக்குப் பிட்டு அவித்துக் கொடுத்தானாம். தேங்காய்ப்பூ காணாது என்று அவனே குறை சொன்னான்.