எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: மேல்வயிற்று வலி குறித்த ஒரு சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். பள்ளத்தூரிலிருந்து ஒரு மகள் தன் தாயாருக்காகக் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "ஐயா, எங்கள் ஆத்தாவுக்கு 52 வயது. எட்டு மாதமாக நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி வருகிறது. தினமும் இல்லை, பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நடுஇரவில் வந்து, இரண்டு மூன்று மணி நேரம் வாட்டிவிட்டுப் போகிறது. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தோம், எண்டோஸ்கோப்பி பார்த்தோம், இரத்தமும் சோதித்தோம். இரைப்பையில் லேசான அழற்சி, மற்றபடி எல்லாம் நார்மல் என்றார்கள். ஆறு மாதமாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். காரத்தை அறவே விட்டுவிட்டார்கள், எடை 4 கிலோ குறைந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த இடத்தில் இது மன உளைச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி எங்கே போய் எதைப் பார்ப்பது?"

அம்மா, உங்கள் தாயாரை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது, அது இதுவரை யாருடைய கண்ணிலும் படவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். வலி தினமும் வருவதில்லை, வந்தால் மணிக்கணக்கில் நிற்கிறது, பிறகு சுவடில்லாமல் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் காட்டும் தாள்களில் நான் முதலில் தேடுவது முடிவை அல்ல, தேதியைத்தான். அந்த இரத்தம் எடுக்கப்பட்டது வலி இருந்த இரவிலா, அல்லது வலி ஓய்ந்து நான்கைந்து நாள் கழித்தா? வலி இல்லாத நாளில் எடுத்த இரத்தம் நார்மல் என்று வந்தால், அது வலி இல்லாத நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பித்தப்பையிலிருந்தோ, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான பித்தநாளத்திலிருந்தோ எழும் வலி, படிப்படியாக ஏறி, ஒரே அளவில் நின்று, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ இருக்கும், சில சமயம் வலது தோள்பட்டைப் பக்கம் பரவும், வாந்தி வரலாம், மாத்திரையாலோ மலம் கழிப்பதாலோ படுக்கையை மாற்றுவதாலோ தணியாது. பித்தப்பையில் உள்ள கற்களை வயிற்று ஸ்கேன் நன்றாகவே காட்டும் என்றாலும், மிகச் சிறிய கற்களும் குழம்பாய்த் தங்கிய பித்தமும் தப்பிவிடுவதுண்டு. பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியையும் கணையத்தையும் குடல் காற்று மறைத்துவிடுவதால், அங்கே இருப்பது தெரியாமலே போகலாம். சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும்; ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதற்காகத்தான். உங்கள் தாயாருக்கு அந்த இரண்டு ஸ்கேன்களும் எப்படி எடுக்கப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு கல் நாளத்தில் சிக்கி நழுவும்போது, கல்லீரல் நொதிகள் சில மணி நேரத்தில் உயர்ந்து, ஓரிரு நாளிலேயே இறங்கத் தொடங்கிவிடும். கணையம் வீங்கியிருந்தால் அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய நொதிகள் இரத்தத்தில் உயரும்; அமைலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் இயல்புக்குத் திரும்பும். லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்திருக்கலாம், அது இயல்பின் மேல் வரம்பைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் கணைய அழற்சியை வலுவாகச் சந்தேகிக்கிறோம். வலியோடு இரத்தம் கொடுத்தவருக்கும் வலி தீர்ந்து இரத்தம் கொடுத்தவருக்கும் ஒரே நோயில் இரு வேறு தாள்கள் கிடைப்பது இப்படித்தான்.

இப்போது காரத்துக்கு வருகிறேன். நம் ஊரில் மேல்வயிறு வலித்தால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது மிளகும் மிளகாயும்தான். காரம் ஏற்கெனவே உள்ள எரிச்சலைச் சிலருக்குக் கூட்டலாம், ஆனால் குடல் புண்ணை அது உண்டாக்குவதில்லை. புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள். அமிலமும் மன உளைச்சலும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த நாளில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அந்தக் கிருமியை 1982-இல் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் ஏற்காதபோது மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மன உளைச்சல் என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் எழுதாமல் இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஆகவே காரத்தின் மேலுள்ள சந்தேகத்தை விடுங்கள், எண்ணெயைக் கவனியுங்கள். வலி வந்த இரவுகளுக்கு முந்திய மாலையில் தாயார் என்ன சாப்பிட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சாந்திக் கல்யாண விருந்தா, வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சீயமும் பொரித்த நாளா? கொழுப்பு நிறைந்த உணவு பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். அங்கே கல் இருந்தால் வலி சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில் எழுப்பும். இத்தனை மாதமாகக் காரமில்லாமல் வெறும் சோறும் மோருமாகச் சாப்பிட்டு உடம்பு மெலிந்த பிறகும் வலி அதே கணக்கில் வருகிறது என்றால், காரத்தின் மேல் பழி இல்லை.

அந்த 4 கிலோவை உணவைக் குறைத்ததால் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆனாலும் 50 வயதுக்கு மேல் எடை குறைவதோடு, புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தாலோ, வலி முதுகுக்குப் பாய்ந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிவதாக இருந்தாலோ, கணையத்தைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். இதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மற்ற கதையெல்லாம் சொல்லி முடித்து, எழுந்து வரும்போது வாசலில் நின்று சொல்லாதீர்கள்.

வலி வயிற்றின் உள்ளே இருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஆத்தங்குடிப் பூக்கல் என்னும் தரைக்கல் வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் ஒன்றரை ஆண்டு வயிற்று வலியோடு என்னிடம் வந்தார். கையில் தடித்த கோப்பு, அதில் மூன்று எண்டோஸ்கோப்பி. வலி எங்கே என்று கேட்டபோது ஒற்றை விரல் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் என் விரலை வைத்து, படுத்தபடியே தலையையும் தோளையும் சற்றுத் தூக்கச் சொன்னேன். வயிற்றுத் தசை இறுகியதும் வலி கூடியது. உள்ளுறுப்பு வலியானால் இறுகிய தசை அதை மறைத்து வலியைக் குறைத்திருக்கும். 1926-இல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் எழுதி வைத்த சோதனை இது; கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். வயிற்றுச் சுவரில் ஒரு நரம்பு நெரிந்திருந்தது. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் அவர் வயிற்றில் யாரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

மன உளைச்சல் என்று சொன்னார்களே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பியில் காரணம் எதுவும் தெரியாமல், மூன்று மாதமாக மேல்வயிற்று வலியோ எரிச்சலோ கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும் உணர்வோ தொடர்ந்து இருந்து, முதல் அறிகுறி ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால், அதை இரைப்பையின் செயல்பாட்டுக் கோளாறு என்கிறோம். அது உண்மையான நோய், கற்பனை அல்ல. இரைப்பை நரம்புகளின் உணர்வு மிகுவதால் வருவது. அதற்கென்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. சிறு அளவில் நரம்பு வலியைத் தணிக்கவே தரப்படுகின்றன, கடையில் பெயரைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு இரவு மட்டும் வந்து, இடைப்பட்ட நாளெல்லாம் நலமாக விடும் வலி, என் மனத்துக்கு இந்தக் கோளாறோடு பொருந்தவில்லை.

கிருமிச் சோதனை செய்திருக்கிறார்களா என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். இரண்டு வாரம் அந்த மாத்திரையையும், நான்கு வாரம் கிருமிக்கொல்லி மருந்துகளையும் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து, பற்பம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈயம் கலந்த மருந்து கடும் வயிற்று வலியைத் தரும்.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள் இருக்கின்றன. வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுதல் இருந்தால் அது வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் படுக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுக்குழி வலியாகவே வருவதுண்டு, முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, குளிர்காய்ச்சலோடு கண் மஞ்சளாதல், கத்தி குத்தியதுபோல் தொடங்கி வயிறு பலகையாய் இறுகும் வலி ஆகியவையும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி எங்கே போவது என்பதற்கு, ஊர் ஊராக மருத்துவரை மாற்றாதீர்கள் என்பதே என் பதில். மதுரையோ திருச்சியோ, குடல்நோய் மருத்துவர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பித்தநாளத்தை எம்.ஆர்.ஐ. முறையிலோ, எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி பொருத்திய முறையிலோ பார்க்க வேண்டுமா என்று அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். முன்பு எடுத்த எண்டோஸ்கோப்பியை அப்படியே திரும்ப எடுப்பதைவிட அது பயன்படலாம்.

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். கல்லீரல் நொதிகள், அமைலேஸ், லைபேஸ் ஆகியவற்றுக்கான சீட்டை இப்போதே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரவில் வலி எழுந்தால், இரவு நேரத்திலும் இரத்தம் எடுக்கும் மருத்துவமனைக்குச் சென்று அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் அந்தச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.