தோலா வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது தர்மமா, அதர்மமா? பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். வருவாய்த் துறையில் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்து, சிட்டா எழுதி, ஓய்வு பெற்றவன் நான். "இதெல்லாம் தத்துவம் படித்தவர்கள் பேச வேண்டியதாயிற்றே" என்றேன். "நீங்கள்தானே சார் நிஜமாகவே எடுத்துக் கொடுத்தவர்" என்றார் போனில் பேசிய தம்பி. அது சரிதான். 1970களில் நாகப்பட்டினம் பக்கத்தில், ஒரு குடும்பம் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்ட உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலங்களை அளந்து எடுத்த சின்னச் சிப்பந்திகளில் நானும் ஒருவன்.

இந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் ராபின் ஹூட்டிடம் போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? சீர்காழிக்குப் பக்கத்திலேயே நமக்கு ஓர் ஆள் இருக்கிறார். ஆலிநாட்டுக் குறுநில மன்னர், பெயர் நீலன், பிற்பாடு திருமங்கையாழ்வார். குமுதவல்லி அவரை மணக்க ஒரு நிபந்தனை போட்டாள். தினம் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும், ஒரு வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை மூட்டை அரிசி! கஜானா காலி. சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பமும் இலையில் போய்விட்டது. அப்புறம்தான் வழிப்பறி. கூட நான்கு பேர். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலா வழக்கன். பூட்டை ஊதியே திறப்பவன் மூன்றாமவன். நான்காமவன் எந்த வழக்கிலும் தோற்காதவன். கொள்ளைக் கூட்டத்துக்கு அந்தக் காலத்திலேயே ஒரு வக்கீல் தேவைப்பட்டிருக்கிறார் என்பதை நான் வெகுநாள் ரசித்திருக்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின இரவு திருமணங்கொல்லையில் வேடுபறி உற்சவம் நடக்கும், ஆழ்வார் பெருமாளையே வழிமறித்துப் பறித்த கதைதான் அது. ஒரு வருஷம் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக் கோலத்தில் பெருமாள் வருகிறார். நடுச்சாமத்துக்குத் தீவட்டிகளோடு குதிரை வாகனத்தில் ஆழ்வார் ஓட்டமாக வந்து வளைத்துக்கொள்கிறார். புழுதி, எண்ணெய்ப் புகை, கூச்சல். என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, "புடி, புடி, வுடாத" என்று கத்தினாள். யார் பக்கம் என்கிறீர்கள்? திருடன் பக்கம்தான். கதைப்படி எல்லா நகையையும் பறித்தாயிற்று, காலில் இருந்த மோதிரம் மட்டும் கழலவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுக்கிறார். அடுத்து மூட்டையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. "என்ன மந்திரம் போட்டாய், சொல்லு" என்று வாளை ஓங்க, மாப்பிள்ளை காதில் எட்டெழுத்தைச் சொல்கிறார். 'வாடினேன் வாடி' என்று பாசுரம் பிறக்கிறது.

பெருமாள் அவரைக் கண்டிக்கவே இல்லை. அடியாருக்குச் சோறு போடத்தானே எடுத்தான் என்று பாராட்டியதாகவும் இல்லை. தீர்ப்பு வராத வழக்கு அது.

ஆனால் அதே ஆழ்வாரைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் இன்னொரு கதை உண்டு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தில் இருந்த பொன் புத்தர் சிலையை எடுத்துக்கொண்டு, திருவரங்கத்து மதில் திருப்பணிக்காகப் போகிறார். வழியில் திருக்கண்ணங்குடியில் இருட்டிவிட்டது. ஒரு வயலில் சிலையைப் புதைத்து, பக்கத்தில் நின்ற புளிய மரத்தைக் காவல் வைத்துவிட்டுத் தூங்குகிறார். காலையில் உழ வந்த குடியானவனிடம், "இது என் நிலம்" என்கிறார். அவன் திகைத்துப்போய் ஊராரைக் கூட்டுகிறான். "பத்திரம் எங்கே?" என்று ஊர் கேட்கிறது. "ஒரு நாள் தவணை கொடுங்கள், கொண்டு வருகிறேன்" என்கிறார். ஊரும் சரியென்று கலைந்து போகிறது. அதற்குள் தாகம் எடுக்கிறது. கிணற்றடிப் பெண்களிடம் தண்ணீர் கேட்கிறார். அவர்கள் தரவில்லை. ஏன் தெரியுமா? தண்ணீர் கொடுத்தால் நாளைக்குக் கிணறும் என்னுடையது என்பாரே என்ற பயம். சபிக்கிறார், கிணறு வற்றுகிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் சிலையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தோலா வழக்கு, திருக்கண்ணங்குடி என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

பட்டா தகராறுகளிலேயே வயது போனவனுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். எனக்கு அந்தக் குடியானவன்தான் கண்ணில் நிற்கிறான். புத்தர் சிலை பணக்கார விகாரத்தின் சொத்து, இருக்கட்டும். ஆனால் அதை எடுத்துப் போகிற வழியில் மிதிபட்டது ஒரு ஏழை உழவனின் நாற்றங்கால். கதையின் கடைசிப் பகுதி இன்னும் கடுமை. மதில் கட்டிய ஆட்கள் கூலி கேட்கிறார்கள். கையில் காசு இல்லை. அக்கரையில் தருகிறேன் என்று ஓடத்தில் ஏற்றி, கொள்ளிடத்தில் கவிழ்க்கச் செய்கிறார். அவர்களெல்லாம் வைகுண்டம் போய்விட்டார்கள் என்று கதை சமாதானம் சொல்கிறது. பாசுரத்தை நினைத்தால் எனக்கும் கண் கலங்கும், நானும் அவரைக் கும்பிடுகிறவன்தான். இருந்தாலும் அந்த ஓடத்தை என்னால் விழுங்க முடிந்ததில்லை. இருப்பவனிடம் எடுக்கக் கிளம்பிய கை, கடைசியில் கூலிக்காரனின் கூலியில் போய் நிற்கிறது. பரம்பரையாகச் சொல்லி வந்தவர்கள் இதை மறைக்கவில்லை பாருங்கள், அதற்காக அவர்களை வணங்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1961ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர், என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆனது. ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பம் என்றால், கூடுதலாக உள்ள தலைக்கு ஐந்து ஸ்டாண்டர்டு ஏக்கர் கூடும். பெண்களின் ஸ்திரீதன நிலத்துக்குத் தனிச் சலுகை. பொது அறக்கட்டளை, கோயில் நிலத்துக்கு விலக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் பக்கத்து மிராசுதார்கள் சட்டத்தை எங்களுக்கு முன்னாடியே படித்துவிட்டார்கள். சில வீடுகளில் திடீரென்று பக்தி பெருகி அறக்கட்டளைகள் முளைத்தன. நிலம் மாமன் பெயரில், மச்சான் பெயரில், என்றைக்கோ ஊரைவிட்டுப் போன சமையல்காரர் பெயரில்கூட இருந்தது.

ஒரு வீட்டுக்கு அளவை சம்பந்தமாகப் போனோம். எனக்கு இருபத்து மூன்று வயது. பெரியவர் மரியாதையானவர். வெண்கல டவராவில் காபி வந்தது. எங்கள் மேலதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, திருடன் ராத்திரி வருவான். நீங்க பகல்ல வர்றீங்க. அதுவும் காபி குடிச்சிட்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது வள்ளுவர் சொன்னது.

'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.'

செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அரசன் 'கொடு' என்பது, வேலோடு வழியில் நிற்பவன் 'போடு' என்பதைப் போன்றது. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வரும் குறள். கேட்பது அரசாங்கம் என்பதாலேயே கேட்டது நியாயமாகிவிடாது என்று பல நூற்றாண்டுக்கு முன்னாடியே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பெரியவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் டவராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. நல்ல பதில்கள் எல்லாமே பஸ் ஸ்டாண்டில்தான் வருகின்றன. அந்த ஊரிலிருந்து கீழ்வெண்மணி அதிக தூரமில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். விவகாரம் எங்கே தொடங்கியது? அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவர்களெல்லாம் வசதியானவர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்ற ரீதியில் தீர்ப்பில் எழுதியிருந்தது. பணம் இருந்தால் நடக்கக்கூட மாட்டார்கள் போலும்.

பெரியவர் என்னைக் கேட்டது 'எடுக்க நீ யார்' என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது மரக்காலைச் சாய்த்துப் பிடித்தது யார்? வருஷத்துக்கு இரண்டு போகம், தலைமுறைக்கு எத்தனை அரைப்படி? அதைக் கூட்டினால் எத்தனை வேலி நிலம் வரும்? அந்தக் கணக்கை ஊர்க் கணக்கு எழுதுகிற எந்தக் கர்ணமும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், நாங்கள் எடுத்ததன் பெயர் வசூல், பாக்கி வசூல். எல்லாப் பணக்காரனும் அப்படிச் சம்பாதித்தவன் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லிலும் முள்ளிலும் பாடுபட்டு ஐந்து ஏக்கரை ஐம்பதாக்கியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் எடுத்தபோது என் கை கூசியது. சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சங்கிலிதான்.

சரி, வரிக்கு வருவோம். இதில் அதிகம் நிற்க வேண்டாம். 1973-74இல் நம் நாட்டில் உச்ச வருமான வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். அந்த உச்ச அடுக்கில் வரும் நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிச்சம். யார் கட்டுவார்கள்? எல்லோரும் தாளூதுவானைத் தேடிப் போனார்கள். செத்தவர் சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரி 1953இல் வந்து 1985இல் போனது. வசூலித்த தொகையைவிட வசூலிக்கிற தொல்லைதான் பெரிது என்று சொல்லி எடுத்தார்கள். செல்வ வரி என்ற வெல்த் டாக்ஸும் 2015இல் போனது. இன்றைக்கு ஆயிரம் கோடி ரூபாய் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனால் வாரிசு வரி ஒரு பைசா கிடையாது. குளிக்கிற சோப்புக்கு வரி உண்டு. 2025 செப்டம்பர் வரைக்கும் 18 சதவீதம், இப்போது 5. மளிகைக் கடையில் சோப்பு வாங்குகிற கூலிக்காரியும் கொடுக்கிறாள், அந்தப் பிள்ளையும் கொடுக்கிறான். இல்லாதவனிடம் எடுப்பதைப் பற்றி யாரும் வானொலியில் பேசச் சொல்வதில்லை.

வள்ளுவர் இன்னொரு இடத்தில் அரசின் வேலையை நான்காகச் சொல்கிறார். இயற்றல், ஈட்டல், காத்தல், காத்த வகுத்தல். பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பகிர்ந்து கொடுப்பது. நாங்கள் கோட்டை விட்டது நான்காவதில்.

எந்த நிலத்தை வைத்துக்கொள்வது என்று சொல்லும் உரிமை நிலக்காரருக்கு இருந்தது. மனுஷன் எதை வைத்துக்கொள்வான்? அந்தக் காபிப் பெரியவர் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை நிலம் முழுவதையும் வைத்துக்கொண்டார். உபரி என்று எங்கள் கையில் வந்தது கடலோரத்துக் களர். உமரிச் செடி தவிர எதுவும் முளைக்காது. அதைத் துண்டு போட்டு நிலமற்றவர்களுக்குப் பட்டா கொடுத்தோம். பந்தல், மைக், மாலை எல்லாம் இருந்தது. பட்டாவை வாங்கிய ஒரு பெண், முப்பது வயது இருக்கும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தார். "ஏங்கய்யா, இதுக்குத் தண்ணி எந்தப் பக்கமாங்க வரும்?" நிலப்படத்தை விரித்துப் பார்த்தேன். வாய்க்கால் பெரியவர் வயலோடு முடிந்துவிடுகிறது.

அதே ஜில்லாவில் வேறு மாதிரியும் நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். வெண்மணிக்குப் பிறகு அங்கே வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாள் அம்மையாரும் அவர் கணவர் ஜெகந்நாதனும். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில், நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்தவர்கள். தானமாகக் கேட்டுப் பார்த்தார்கள், சத்தியாக்கிரகம் செய்தார்கள், சிறைக்கும் போனார்கள். 1981இல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, விற்க முன்வந்த மிராசுதார்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தைக் கூலிப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். எங்கள் அலுவலகத்தில் சிலர் கேலி செய்தோம், நானும்தான்: 'பணக்காரனுக்குப் பணமும் கொடுத்து நிலத்தை வாங்குவது என்ன புரட்சி?' இப்போது யோசித்தால், அந்த அம்மாள் நிலத்தை வாங்குவதற்கு முன்னால் வாய்க்காலைப் பார்த்தார். நாங்கள் பட்டா எண்ணிக்கையைப் பார்த்தோம், மேலிடத்துக்கு எழுத வேண்டுமே.

நான் இன்னும் வேலையில் இருந்தபோதே, 1990களில், வேறு ஒரு வேலையாக அந்தக் கடலோரத்துக்குப் போனேன். அப்போது அந்தப் பக்கம் முழுக்க இறால் பண்ணை. களராகக் கிடந்த நிலமெல்லாம் குளம் வெட்டி, மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கும் ஆகாத மண்ணுக்குத் திடீரென்று மவுசு. டீக்கடையில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார். முடி நரைத்துவிட்டது. முந்தானையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் பட்டாவை எடுத்தார். குத்தகைக்கு என்று சொல்லி யாரோ கைநாட்டு வாங்கினார்களாம், இரண்டு வருஷம் பணம் வந்ததாம், பிறகு வரவில்லையாம்.

"இப்ப யாரு பேர்ல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

கிராம அலுவலரிடம் கேட்டு, நிலம் யார் கையில் இருக்கிறது என்று எழுதும் அடங்கலை வாங்கினேன். அனுபோகம் என்ற கட்டத்தில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுங்க அப்பாருகிட்டதானேய்யா அப்ப நீங்க எடுத்தீங்க?" என்றார்.

வணக்கம்.