கிராம சபையில் சொல்லியும் விளக்கு எரியவில்லையே, என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். "லயனிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதையில் பாதி விளக்குகள் எரிவதில்லை. இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். கரடி வருகிறது. ஒரு வளைவில் மாலையானால் சிலர் உட்கார்ந்து குடிக்கிறார்கள். டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டப் பயப்படுகிறார்கள். கிராம சபையில் எழுந்து சொன்னோம், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. கேமரா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் எங்கள் பையன்கள். இப்போது தலைவரும் இல்லை. நாங்கள் யாரைப் போய்ப் பார்ப்பது?"

எழுதிக்கொண்டார்கள் என்கிறீர்களே அம்மா, என்ன எழுதிக்கொண்டார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் இப்படி ஒரு வரி இருக்கும்: "பொதுமக்களின் பாதுகாப்பு கருதி உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது." இந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பல்பைக்கூட மாற்ற முடியாது. யார் எடுக்க வேண்டும், எங்கே, எதை என்று எதுவும் அதில் இல்லை. எழுதியவர் மேல் முழுப் பழியையும் போடமாட்டேன். நாமும் எழுந்து நின்று "பாதுகாப்பு இல்லை" என்று நான்கு குறையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நீங்கள் சொன்னதில் விளக்கு, புதர், கரடி, குடிகாரர்கள் என நான்கு சங்கதி இருக்கிறது. நான்குக்கும் நான்கு வாசல். அதிலும் நம் மலையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சமவெளியில் தெரு என்றால் பெரும்பாலும் ஊராட்சித் தெருதான். இங்கே நீங்கள் நடக்கும் முந்நூறு அடிக்குள்ளேயே தோட்டத்து நிலம், வருவாய்த்துறை நிலம், வனத்துறை நிலம், நெடுஞ்சாலை என்று மாறி மாறி வரும். ஆகவே, என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அந்த இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணை, அதாவது நிலத்தின் சர்வே நம்பரைக் கேட்டால் சொல்வார். ஊராட்சி அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கும். உங்கள் பாதை அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏறவில்லை, அது தோட்டத்துக்குள் போகும் தனிப்பாதை என்றால், ஊராட்சி அங்கே பணம் செலவழிக்கத் தயங்கும். தணிக்கையில் கேள்வி வரும் அல்லவா? அப்போது நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். டான்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டமாக இருந்தால் இன்னும் ஒரு படி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. அந்தத் தோட்டங்கள் இருப்பது வனத்துறை நிலத்தில். எனவே டான்டீயின் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு, வனச்சரகருக்கு ஒரு மனு என்று இரண்டு எழுத வேண்டியிருக்கும். மூன்று தலைமுறையாக அதே லயனில் இருந்துகொண்டு ஒரு தெருவிளக்குக்கு இரண்டு அலுவலகம் ஏறுவது அலுப்பான வேலைதான். நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடைமுறை அதுதான்.

இப்போது விளக்குக்கு வருவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிரிவு 110 என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சி கட்டாயம் செய்தே தீர வேண்டிய வேலைகள் அதில் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பொதுச் சாலைக்கும் பொது இடங்களுக்கும் விளக்குப் போடுவது அவற்றில் ஒன்று. எனவே அது நமக்குச் செய்யும் தயவு அல்ல. ஆனால் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கும் மின்கட்டணமும் ஊராட்சியுடையவை. பல்பு போய்விட்டால் ஊராட்சியைக் கேளுங்கள். கம்பம் சாய்ந்திருந்தாலோ, கம்பி தொங்கினாலோ மின்வாரியப் பிரிவு அலுவலகத்தைக் கேளுங்கள். கம்பமே இல்லாத இடத்தில் புதிதாக வேண்டுமானால் ஊராட்சி கடிதம் எழுதி, வாரியம் மதிப்பீடு கொடுத்து, ஊராட்சி பணம் கட்டிய பிறகுதான் நடுவார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எரியாத விளக்கையும் புதுக் கம்பத்தையும் ஒரே கோரிக்கையாக எழுதாதீர்கள். எழுதினால் பெரியதற்காகச் சிறியதும் காத்துக் கிடக்கும்.

ஒரு நாள் பகலில் அந்தப் பாதையில் இரண்டு பேர் நடந்து போங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்டில் எண் எழுதியிருப்பார்கள். பாசி படர்ந்திருந்தால் கையால் துடைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் விளக்கு இல்லை, எதில் இருந்தும் எரியவில்லை, எதில் மரக்கிளை மூடி வெளிச்சம் கீழே விழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டிய பின் இன்னொரு முறை போங்கள், கூட்டமாகவே போங்கள். சில இடங்களில் பல்பு நன்றாகவே இருக்கும், சுவிட்சைப் போடும் ஆள்தான் வந்திருக்கமாட்டார். பல ஊராட்சிகளில் தண்ணீர்த் தொட்டி இயக்குபவரே விளக்கையும் போட்டு அணைக்கிறார். அவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் ஊரே இருட்டு. அந்த மாதிரி இடத்தில் புதுப் பல்பு கேட்டு என்ன பயன், தானாக இயங்கும் டைமரைக் கேளுங்கள்.

விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். மூடுபனி இறங்கும்போது உயரத்தில் இருக்கும் வெள்ளை விளக்கின் ஒளி பனியிலேயே சிதறி நின்றுவிடும், நடப்பவர் காலடிக்கு வராது. வளைவிலும் படிக்கட்டிலும் தாழ்வாக ஒரு விளக்கு வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். மலையில் நடந்து பழகாத பொறியாளருக்கு இது தானாகத் தோன்றாது.

புதருக்கு வருகிறேன். உண்ணிச்செடியை வெட்ட யாரும் தடை சொல்லமாட்டார்கள், வனத்துறை நிலத்தில் மட்டும் சொல்லிவிட்டு வெட்டுங்கள். மரம் அப்படியல்ல. பாதை மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தை நீங்களாக வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். ஆபத்தான மரம் என்று படத்தோடு எழுதிக் கோட்டாட்சியருக்குக் கொடுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு எல்லா ஊர் மனுவும் ஒரே நாளில் அங்கே குவியும்.

கரடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கரடி வந்தால் கூண்டு வை என்கிறோம். எதைத் தேடி வருகிறது என்று யோசிப்பதில்லை. கோயிலில் விளக்குக்கு வைத்த எண்ணெயைத் தேடிக் கதவை உடைத்த கரடிகளை நீலகிரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். உண்ணிப் பழமும் தின்னும், கரையானும் தின்னும், நாம் போடும் மிச்சச் சோறும் கறிக்கடைக் கழிவும் தின்னும். அந்த வளைவில் குப்பை கொட்டும் இடம் இருக்கிறதா, இல்லையா? உங்கள் கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் இருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தால் உங்கள் பட்டியலில் முதல் வரியாக அதை எழுதுங்கள். ஈரக் குப்பையை வீடு வீடாகத் தினமும் எடுக்க வேண்டும், அந்த இடத்தில் தொட்டியே கூடாது. குப்பை அங்கே கிடக்கும்வரை, ஒரு கரடியைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் அடுத்தது வரும்.

குடிகாரர்கள் காவல்துறை சங்கதி. கிராம சபையில் அதைப் பேசலாம், ஆனால் நிலையத்தில் தனியாக மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்த நேரம், எந்த வளைவு என்று எழுதி, மாலை ரோந்து கேளுங்கள். பிள்ளைகளிடம் அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்ற இரண்டு எண்களும் இருக்கட்டும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒரு விளக்கும் போட்டுவிட்டால் பாதிப் பேர் தாமாகவே இடம் மாறிவிடுவார்கள். காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் முறை, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் முதலில் வந்தது நம் நீலகிரியில்தான். அதன் பிறகு புதரில் கிடக்கும் பாட்டிலைப் பொறுக்கவாவது ஆள் வருகிறார்கள்.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வையுங்கள். மூடுபனி இரவில், விளக்கில்லாத வளைவில், அது வெள்ளைத் திரையைத்தான் பதிவு செய்யும். யார் பார்ப்பது, மின்சாரம் யார் கொடுப்பது, குரங்கு கம்பியைப் பிய்த்தால் யார் சரிசெய்வது என்பதற்கெல்லாம் பதில் இருந்தால் வாங்குங்கள். ஊர்க்காரர்கள் பணம் போடத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அந்த முதல் பணத்தை நான் உங்கள் இடத்தில் இருந்தால் விளக்குக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் போடுவேன்.

தலைவர் இல்லை என்றீர்கள். நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதன் பிறகு பொறுப்புக்கு வந்தவர் தனி அலுவலர், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். அவருக்கு ஏகப்பட்ட ஊராட்சிகள், எல்லாக் கூட்டத்துக்கும் அவரால் வர முடியாது. கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளர் என்று ஓர் அலுவலர் வருவார். அவரிடம் வாயால் சொன்னால் மாலையில் மறந்துவிடும். கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனுவைக் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் இருநூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர்கள். லயனில் பலருக்குப் பெயர் பழைய ஊரிலேயே இருக்கும், அதை முதலில் மாற்றுங்கள்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இப்படி: "லயன் முதல் பஸ் நிறுத்தம் வரை, இன்னின்ன எண் கம்பங்களில் எரியாத விளக்குகளை ஊராட்சி பொது நிதியிலிருந்து மாற்றவும், வளைவில் புதுக் கம்பத்துக்கு மதிப்பீடு கேட்டு மின்வாரியத்துக்குக் கடிதம் அனுப்பவும், அடுத்த கிராம சபையில் இதன் நிலையை அறிவிக்கவும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. பிறகு நகல் தர இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. தீர்மான நகலோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் அங்கே கிடைக்கும் மரியாதை வேறு.

இதே மாதிரி குன்னூரிலிருந்து ஒருவர், நகர்மன்றக் கூட்டத்தில் பேசவே விடவில்லை என்று எழுதியிருக்கிறார். விடமாட்டார்கள் ஐயா. நகர்மன்றத்தில் உறுப்பினர்கள்தான் பேசுவார்கள், நாம் பார்வையாளர். நகராட்சியில் நீங்கள் பேச வேண்டிய இடம் பகுதி சபா, அதாவது வார்டு மக்கள் கூடும் கூட்டம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளில்தான் அது முதலில் கூடியது, அதனால் பலருக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கேளுங்கள். வார்டு குழுவுக்கு அவர்தான் தலைவர், பதில் சொல்லியாக வேண்டும். மற்றபடி கம்ப எண், புல எண், எழுதிய தீர்மானம் எல்லாம் உங்களுக்கும் அதேதான்.

அடுத்து கொடைக்கானலிலிருந்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவில் வந்து நிற்கும் காட்டுமாடு பற்றி ஒரு கேள்வி.